குழாய்மீன் பொருத்தம்

புதுத் தண்ணீர்த் தொட்டி திறந்த மூன்றாவது வாரம், அந்தத் தெருவில் எல்லா வீட்டுக் குழாயிலும் தண்ணீரோடு மீன் வந்தது. சுண்டுவிரல் நீளம், சாம்பல் நிறம், தலையிலிருந்து வால்வரை ஊசியால் தையல் போட்ட மாதிரி பக்கவாட்டில் ஒரு புள்ளிக்கோடு. ஒரு குடம் பிடித்தால் இரண்டு மூன்று விழும். முதல் நாள் ஆளாளுக்குக் கூச்சல் போட்டார்கள். அடுத்த நாள் குழாய் வாயில் துணி கட்டினார்கள். அதற்கடுத்த நாள் துணியை அவிழ்த்துவிட்டார்கள், ஏனென்றால் துணி வழியாகவும் மீன் வந்தது, துணி கிழியவும் இல்லை. பார்க்க வந்த பொறியாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார், பிறகு ஒரு டீ கிடைக்குமா என்று கேட்டார். சிலர் சமைத்தும் பார்த்தார்கள். சட்டி கொதித்தது, மீன்கள் அதிலும் தம் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தன. நீந்துகிற மீனை எடுத்து வாயில் போட யாருக்கும் மனசு வரவில்லை. கொசுப்புழுவை மிச்சம் வைக்காமல் தின்றதால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பொறியாளர் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டுக்கு ஒரு வால்வு. தண்ணீர் போகும், மீன் போகாது, வராது. "இனிமே புதுசா ஒண்ணும் வராது" என்றார். "உள்ளே இருக்கிறதை என்ன பண்றது சார்?" என்று கேட்டதற்கு, "அது உங்க வீட்டு மீன், உங்க பாடு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். அவர் சொன்னபடியே நடந்தது. அன்றைக்கு எந்த வீட்டில் எத்தனை மீன் இருந்ததோ அவை அந்த வீட்டுத் தொட்டியிலும் அண்டாவிலும் பீப்பாயிலும் மாட்டிக்கொண்டு, அங்கேயே குஞ்சு பொரித்து, அங்கேயே வயதாகிச் செத்தன. லாட்ஜ் முதலாளி மட்டும் வால்வுக்குப் பிடிகொடுக்கவில்லை. ஆள் வரும்போதெல்லாம் வெளியூர் போயிருந்தார்.

சில வருஷங்கள் போயின. மீனுக்குத் தலைமுறை சீக்கிரம் மாறும், ஆனால் இந்தத் தெருவில் அது மாறிய வேகம் வேறெங்கும் கேள்விப்படாதது. முதலில் கண்டுபிடித்தது தையல்காரரின் மனைவி. பக்கத்து வீட்டு வாளியில் துள்ளிக் கிடந்த மீனைப் பார்த்து, "இது நம்ம வீட்டு மீன் இல்ல, மூஞ்சியே வேற" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவரவர் வீட்டுக்குப் போய் அவரவர் மீனைப் பார்த்தார்கள், சிரிப்பு நின்றுபோனது. வால்வு போட்ட நாளில் தையல்காரர் வீட்டுக் குடத்தில் இருந்ததே இரண்டு மீன்தான், அதில் ஒன்றுக்கு வால் கோணல். இப்போது அந்த வீட்டு மீன் அத்தனையும் கோணல் வால். தையல்காரர் அதைத் தன் கத்தரிக்கோல் மேல் வந்த பழியாக எடுத்துக்கொண்டு யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார். நாலு பூனை வளர்த்த வீட்டில் மினுமினுப்பான மீன் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிஞ்சியவை பாசியின் நிறத்தில் இருந்தன, தொட்டிக்குள் கையை விட்டால்தான் மீன் இருப்பதே தெரியும். வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பிப் பிரிந்த அண்ணன் தம்பிக்குத் தொட்டி மட்டும் பொதுவாக இருந்தது. மீன்கள் தாங்களாகவே இரண்டு பக்கமாக ஒதுங்கின, நடுவில் ஒரு சாண் தண்ணீரில் எதுவும் நீந்தாது. அண்ணன் பக்கத்து மீனுக்கு முதுகுத் துடுப்பில் ஒரு முள் கூடுதல். தம்பி அதற்கும் ஒரு பஞ்சாயத்து வைத்தான்.

இதையெல்லாம் கேள்விப்பட்டு மீன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி இரண்டு வாரத்துக்கென்று வந்தார், திரும்பிப் போகவே இல்லை. தெருவின் நடுவில் ஒரு வீட்டு முன்னறையை வாடகைக்குப் பிடித்து, ஜன்னலோரம் மேசை போட்டு, அதன் மேல் மைக்ராஸ்கோப்பும் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியும் வைத்தார். மீன் மேடம் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் மீன் செத்தால் செய்தித்தாளில் சுற்றி மேடத்திடம் கொடுத்துவிடுவார்கள். அவர் செதிலை எண்ணுவார், துடுப்பை விரித்து முள்ளை எண்ணுவார், வாயகலம் அளப்பார். "எல்லாம் ஒரே ஆத்து மீன்தான். ஒண்ணோட ஒண்ணு கலக்காம தனித்தனியா அடைபட்டா இப்படித்தான் பிரியும். ஆத்துல ஆயிரக்கணக்கான வருஷம் எடுக்கும். இங்க மட்டும் ஏன் இவ்வளவு அவசரம்னு எனக்குத் தெரியல" என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதாலேயே அவர் மேல் தெருவுக்கு மரியாதை. லாட்ஜ் மீன்கள்தான் அவருக்குத் தலைவலி. தங்கிப் போகிறவர்கள் ஊர் ஊராகப் பாட்டிலில் கொண்டுவந்து கொட்டிய மீனெல்லாம் அந்தத் தொட்டியில் கலந்து, ஒன்றைப் போல இன்னொன்று இல்லாமல் இருந்தது. "இது தொட்டி இல்ல, பஸ் ஸ்டாண்டு" என்பார் மேடம்.

கல்யாண விஷயத்தில் மீன் நுழைந்தது தற்செயலாகத்தான். தையல்காரர் மகள் லாட்ஜ் முதலாளி மகனைக் கட்டிக்கொண்டு போனபோது ஞாபகார்த்தமாக ஒரு சொம்பில் கோணல் வால் மீன் கொண்டுபோனாள். ஒரே வாரத்தில் லாட்ஜ் தொட்டியில் குண்டூசித் தலை அளவில் குஞ்சுகள். அவர்கள் இருவரும் கண் படும்படி வாழ்ந்தார்கள். அடுத்து, வாத்தியார் மகனுக்கும் சுவர் எழுப்பிய தம்பியின் மகளுக்கும் கல்யாணம். அவள் கொண்டுபோன மீன்களும் வாத்தியார் வீட்டு மீன்களும் ஒன்றின் வாலை ஒன்று கடித்துக் குதறின. இரண்டாவது மாதமே பெண் பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு தெரு சட்டம் போட இரண்டு சம்பவம் போதும். அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்குள் பெண் கேட்பவர்கள் முதலில் ஆளைப் பார்ப்பதில்லை, மீனைப் பார்த்தார்கள். இரண்டு வீட்டு மீனையும் மேடத்தின் கண்ணாடி ஜாடியில் விடுவது, ஜோடி சேர்ந்தால் பேச்சை மேலே எடுப்பது, சேராவிட்டால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புவது. "நான் இங்க ஆராய்ச்சி பண்ண வந்தேன், வரன் பார்க்க வரல" என்று மேடம் தலைபாடாக அடித்துக்கொண்டார். யார் கேட்டார்கள். ஜாடி அவரிடம்தான் இருந்தது, வெளிச்சம் அந்த ஜன்னலில்தான் நன்றாக விழுந்தது.

தெருவின் தெற்குக் கோடியில் பாத்திரப் பட்டறை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பித்தளைத் தகட்டின் மேல் சுத்தியல் விழுந்துகொண்டே இருக்கும். அந்த வீட்டில் யாரும் பேசியதே கிடையாது, கத்துவார்கள். சாப்பிடக் கூப்பிட்டாலும் கத்தல், சாப்பிட்டாயிற்று என்றாலும் கத்தல். பட்டறைக்காரரின் ஒரே மகளுக்குத் தெரு வைத்த பெயர் வெண்கலம், அவள் குரல் அப்படி. அப்பாவுக்குச் சமமாக உட்கார்ந்து தகடு அடிப்பாள், அவள் கைபட்ட குடத்தில் ஒரு நெளிவு இருக்காது. இருபது வயதிலேயே அவளுக்குக் காது மந்தமாக ஆரம்பித்தது, முப்பதை நெருங்கும்போது பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும். பட்டறையில் தண்ணீர் பிடித்து வைப்பது தாத்தா காலத்து அண்டா ஒன்றில், ஆள் உட்காரலாம், அடி ஒரு விரல் கனம். அதற்குள் வளர்ந்த மீன்கள் தடித்த தலையோடு முரட்டுத்தனமாக இருந்தன. ஜோடி தேடும்போது ஆண் மீன் அண்டாவின் சுவரில் தலையால் முட்டும், பெண் மீன் பதிலுக்கு முட்டும். டொம். அண்டாவின் வெளிப்பக்கம் ஆங்காங்கே அம்மைத் தழும்பு போல மேடு மேடாக இருந்தது அதனால்தான்.

வடக்குக் கோடியில் வாட்ச் ரிப்பேர் கடை, பின்னாலேயே வீடு. அங்கே வாட்ச்காரரும் அவர் அம்மாவும் மட்டும். அந்த அம்மாவுக்குச் சத்தமே ஆகாது, கரண்டி தட்டில் பட்டால் ஒற்றைத் தலைவலி வந்துவிடும். அதனால் அந்த வீட்டில் கரண்டியைத் துணியின் மேல் வைப்பார்கள், கதவுக் கீலுக்கு வாரம் தவறாமல் எண்ணெய், அழைப்பு மணியைக் கழற்றிப் பரணில் போட்டாயிற்று. நாலு வீடு தள்ளிக் குழந்தை கொட்டாவி விட்டால் அந்த அம்மாவுக்குக் கேட்கும், ஒரு தடவை சுவருக்குள் கரையான் நடக்கிறது என்று சொல்லி, உடைத்துப் பார்த்தால் கரையான் இருந்தது. மகன் நாற்பதைத் தொடப் போகிறவர், குரலை உயர்த்தியே பழக்கமில்லாதவர், அவர் பேசுவது சட்டைப்பைக்குள் யாரோ பேசுகிற மாதிரி இருக்கும். அவர்கள் வீட்டு மீன்கள் நூல் மாதிரி மெலிந்து, உள்ளே முள் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தன. ஆண் மீன் ஜோடியைக் கூப்பிடுவது டிக், டிக் என்று வினாடி பிசகாமல் ஒலிக்கும். வாட்ச்காரர் கடையில் இருக்கிற கடிகாரங்களையெல்லாம் அந்த மீன்களை வைத்துத்தான் சரிசெய்தார், வாடிக்கையாளர்கள் யாரும் குறை சொன்னதில்லை.

பட்டறைச் சுவர்க்கடிகாரம் சுத்தியல் அதிர்ச்சியில் மாதத்துக்கு ஒருமுறை நின்றுவிடும். வெண்கலம் அதைத் தூக்கிக்கொண்டு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பாள். அவர் குனிந்து பார்த்து ஏதோ சொல்வார், அவளுக்கு ஒரு வார்த்தை கேட்காது, தலையாட்டுவாள். பிறகு கடிகாரம் வாரத்துக்கு ஒருமுறை நிற்க ஆரம்பித்தது. அதற்குச் சுத்தியல் மட்டும்தான் காரணம் என்று யாரும் நம்பவில்லை. வெண்கலத்தின் அம்மா கூப்பிட்டுக் கேட்டபோது அவள் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "எல்லாரும் எங்கிட்ட கத்துறீங்கம்மா. நீ, அப்பா, கடைக்காரன், எல்லாரும். அவர் ஒருத்தர்தான் கத்தாம பேசறாரு. எனக்குக் காதுல விழல, ஆனா முகத்தைப் பாத்தா புரியுது. அவர் பேசறதை ஒரு தடவையாவது கேட்டுட்டு அப்புறம் என் காது போனா பரவாயில்ல." வாட்ச்காரரிடம் அவர் அம்மா கேட்டதற்கு அவர் "ஆமாம்மா" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னதிலேயே உரத்த வார்த்தை அதுதான் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

மீன் பார்க்கிற நாள் வந்தது. மேடத்தின் ஜன்னலில் தலைக்கு மேல் தலை. வாட்ச்கடை ஆண் மீனையும் பட்டறைப் பெண் மீனையும் ஜாடியில் விட்டார்கள். ஆண் மீன் துடுப்பை விரித்தது, செவுளோரம் லேசாகச் சிவப்பேறியது, நடுங்கி நடுங்கி டிக் டிக் என்றது. பெண் மீன் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றது. பிறகு ஒரு கொசுப்புழுவைத் தின்றுவிட்டு ஜாடியின் மறுபக்கம் போய்விட்டது. மாற்றி விட்டுப் பார்த்தார்கள். பட்டறை ஆண் மீன் கண்ணாடியில் டொம்மென்று முட்டியது, வாட்ச்கடைப் பெண் மீன் கூழாங்கல்லுக்கு அடியில் போய் ஒளிந்து அன்று முழுக்க வெளியே வரவில்லை. "மீனே வேண்டாங்குது, நாம என்ன செய்ய" என்றார் வாட்ச்காரரின் அம்மா. அவர் குரலில் கொஞ்சம் நிம்மதி இருந்தது, சுத்தியல் வீட்டுப் பெண்ணை நினைத்து அவருக்கு ஒரு மாதமாகத் தலைவலி. பட்டறைக்காரருக்கு நாலு பேர் முன்னால் மூக்கறுபட்ட கோபம். "எம்பொண்ணு மீனுக்கு என்னய்யா குறைச்சல்!" என்று அவர் கத்திய கத்தலில் மேசை மேலிருந்த மைக்ராஸ்கோப்புக் கண்ணாடித் துண்டுகள் இரண்டு விரிசல் விட்டன.

கோபம் ஆறுவதற்குள் அவர் வேறு இடத்தில் பேச்சை முடித்துவிட்டார். லாட்ஜ் முதலாளியின் மைத்துனர். லாட்ஜ் மீன் எதோடும் சேரும் என்பது தெரிந்த விஷயம், பார்க்கவே வேண்டியதில்லை, இருந்தாலும் பார்த்தார்கள், ஜாடியில் விட்ட கையோடு சேர்ந்தது. மைத்துனரைக் குறை சொல்ல முடியாது, தானுண்டு தன் மதியத் தூக்கமுண்டு என்று இருக்கிறவர், அவரும் பெண்ணிடம் கத்தித்தான் பேசினார், நல்ல மனசோடு. மழைக்காலம் முடிந்ததும் கல்யாணம் என்று நிச்சயமாயிற்று. வெண்கலம் மூன்று நாள் சுத்தியலைத் தொடவில்லை. நாலாவது நாள் எழுந்து நேராக மீன் மேடத்திடம் போனாள்.

"எங்க வீட்டு மீன் ஏன் திரும்பிப் பாக்கல? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள். மேடம் அவளை மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார வைத்தார். மீனுக்கு வெளிக்காது கிடையாது, தலைக்குள் ஒரு சின்னக் கல் இருக்கிறது, தண்ணீர் அதிர்ந்தால் கல் அசையும், அந்த அசைவுதான் மீனுக்குச் சத்தம் என்பதைச் சைகையும் கத்தலுமாக விளக்கினார். வாட்ச்கடை மீனின் கல் இலை போல அகலமாக, மரத்தை அறுத்தால் தெரிகிற வளையங்கள் மாதிரி வருஷத்துக்கு ஒரு வளையத்தோடு அழகாக இருந்தது. பட்டறை மீனின் கல் கடுகில் பாதி, வளையங்கள் நெருங்கி நெருங்கிப் பாதியில் நின்றுபோயிருந்தன. வெண்கலம் வெகுநேரம் பார்த்தாள்.

"என் காதுக்குள்ளயும் கல் இருக்கா மேடம்?"

"இருக்கு. பொடிப்பொடியா."

"அப்ப நானும் அதுங்களும் ஒண்ணு" என்று சொல்லி அழுதாள். மேடம் சமாதானம் சொல்லவில்லை, அவர் அந்த மாதிரி ஆள் இல்லை, மூக்கு சிந்தத் துணி கொடுத்தார். பிறகு, "உங்க மீனுக்கு ஒண்ணுமே கேக்காதுன்னு நான் சொல்லலியே. அதுங்க அண்டாவுல முட்டிப் பேசிக்குது இல்ல? உலோகம் அதிர்ந்தா அதுங்க உடம்புக்குத் தெரியுது. என் ஜாடி கண்ணாடி, அதுவும் தடிக் கண்ணாடி. அதுல உங்க மீனுக்கு உலகமே ஊமை" என்றார். சொல்லி முடித்ததும் தானே ஜாடியை ஒரு மாதிரி பார்த்தார். இத்தனை வருஷமாக அந்த ஜாடியில் எத்தனை சம்பந்தம் முறிந்திருக்கிறது என்று அவர் அப்போதுதான் நினைத்துப் பார்த்தார். அன்று மாலை ஜாடியை அலமாரிக்கு மேல் ஏற்றிவிட்டார்.

வீட்டு அண்டா உதவாது என்பது வெண்கலத்துக்குச் சொல்லாமலே தெரிந்தது. அந்தக் கனத்தில் டொம் நிற்கும், டிக் என்பதைப் பித்தளையே விழுங்கிவிடும். அவள் புதுசாக ஒன்று அடிக்க உட்கார்ந்தாள். நல்ல தகடாகத் தேர்ந்து, நெருப்பில் காட்டி ஆறவைத்து, அடித்து, மறுபடியும் நெருப்பில் காட்டி, அடித்து, வயிறு அகன்று வாய் குறுகிய ஒரு பாத்திரம். தகடு மெலிய மெலிய அவள் சுத்தியலும் மெலிந்தது. கடைசியில் மரக்கொட்டாப்புளியில் துணி சுற்றித் தட்டிக்கொண்டிருந்தாள், அந்தப் பட்டறையில் அப்படி ஒரு மெதுவான வேலை நடந்ததே இல்லை. நாலு தட்டுக்கு ஒருமுறை நிறுத்தி உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். அப்பா வந்து சுண்டிப் பார்த்தார். "என்ன பாத்திரம் இது? அடுப்புல வெச்சா ஓட்டை விழுந்துடும்!" என்று கத்தினார். "அடுப்புல வைக்கப் போறதில்ல!" என்று அவளும் கத்தினாள். அவர் இன்னொரு தடவை சுண்டினார். பாத்திரத்தின் ஓசை அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. முப்பது வருஷம் தகடு அடித்த மனிதர், அந்த ஓசையில் தன் மகள் என்ன செய்கிறாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. லாட்ஜ் முதலாளி வீட்டுக்குப் போய், இன்னும் ஒரே ஒரு தடவை மீன் பார்க்கணும், அப்புறம் உங்க இஷ்டம் என்று தன்மையாகச் சொல்லிவிட்டு வந்தார். அவர் தன்மையாகப் பேசியதால் லாட்ஜ் முதலாளி பயந்துபோய் ஒப்புக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறை வாசலில் பாத்திரத்தை வைத்தார்கள். சுத்தியல்கள் எல்லாம் கீழே இருந்தன. தெரு தோன்றியதிலிருந்து அப்படி ஓர் அமைதி அங்கே இருந்ததில்லை. வாட்ச்காரர் தன் வீட்டு ஆண் மீனைக் கையகலச் சொம்பில் கொண்டுவந்து விட்டார், வெண்கலம் தன் வீட்டுப் பெண் மீனை விட்டாள். அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது, பாத்திரத்தின் வாய் குறுகல், உள்ளே இருட்டு, ஒன்றும் தெரியவில்லை. "எப்படிப் பாக்குறது?" என்றார் லாட்ஜ் முதலாளி. "பாக்குறதில்ல. கேக்குறது" என்றார் மீன் மேடம். ஆனால் கேட்பதற்கு ஆள்? பட்டறைக்காரர்கள் அத்தனை பேருக்கும் காது பாதி. சுத்தியல் சத்தத்தில் வாழ்ந்த தெருவில் மற்றவர்களுக்கும் முக்கால்தான். வெண்கலம் இரண்டு கையையும் பாத்திரத்தின் வயிற்றில் வைத்துக்கொண்டு, "பேசுது! டிக் டிக்குன்னு பேசுது! எங்கையில தெரியுது!" என்று அழுதபடி கத்தினாள். அவள் சொல்வதை யார் ஏற்பார்கள், அவள் கட்டிக்கொள்ளத் துடிக்கிறவள். எல்லோருடைய கண்களும் ஒரே நேரத்தில் வாட்ச்காரரின் அம்மா பக்கம் திரும்பின. கரையான் நடப்பதைக் கேட்ட காது தெருவில் அது ஒன்றுதான்.

அந்த அம்மா நாற்காலியைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் போடச் சொல்லவில்லை. நின்ற இடத்திலேயே, எதிர்வரிசை நிழலில், கண்ணை மூடிக்கொண்டார். மகன் அவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னால் போதும். சரிபார்க்க யாராலும் முடியாது, சுத்தியல் வீட்டுப் பெண் லாட்ஜுக்குப் போய்விடுவாள், கரண்டிகள் துணியின் மேலேயே இருக்கும். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டிக் என்பது அவருக்கு நன்றாகவே கேட்டது, வீட்டில் தினமும் கேட்கிற சத்தம்தானே. கொஞ்ச நேரம் அது மட்டும் தனியாக ஒலித்துக்கொண்டிருந்தது. பிறகு டொம். ரொம்ப மெதுவாக, தலையணையில் தலை சாய்க்கிற மாதிரி ஒரு டொம். டிக் நின்றது. மறுபடி டிக். உடனே டொம். பட்டறைப் பெண் மீன் ஒன்று அப்படி அடக்கமாக முட்டும் என்று யாரும் சொல்லியிருந்தால் அந்த அம்மாவே நம்பியிருக்க மாட்டார். அவர் வெகுநேரம் கேட்டார். தலை வலிக்கவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்ததாகப் பின்னால் சொன்னார்.

"என்னம்மா?" என்றார் பட்டறைக்காரர். அந்த மனிதர் வாழ்நாளில் முதல்முறையாக முணுமுணுத்தார்.

அந்த அம்மா கண்ணைத் திறந்தார். "ரெண்டும் பேசிக்குது" என்றார். "இவன் ஒண்ணு சொன்னா அவ ஒண்ணு சொல்றா. போதும், மூடி போடுங்க. அதுங்க பேசிக்கிறதை இத்தனை பேர் நின்னு ஒட்டுக் கேக்குறோமே, வெக்கமா இல்ல?"

லாட்ஜ் முதலாளியின் மைத்துனர்தான் முதலில் எழுந்து, பக்கத்தில் கிடந்த ஒரு தட்டை எடுத்துப் பாத்திரத்தை மூடினார், மதியத் தூக்கத்துக்கு நேரமாகிறது என்று எல்லோரிடமும் கத்திச் சொல்லிவிட்டுப் போனார். வாட்ச்காரர் நடந்துவந்து பாத்திரத்தின் இந்தப் பக்கம் குனிந்தார். அவள் கைகள் இன்னும் அந்தப் பக்கம் இருந்தன. அவர் என்ன சொன்னார் என்பது தெருவில் ஒருத்தருக்கும் கேட்கவில்லை, அவர் அம்மாவுக்குக் கேட்டது, ஆனால் அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெண்கலம் முதலில் சிரித்தாள், அப்புறம் சத்தமே வராமல் அழுதாள். அவள் குரல் இல்லாமல் அழுது அந்தத் தெரு பார்த்ததில்லை.

மழை விட்டதும் கல்யாணம் நடந்தது, மாப்பிள்ளை மட்டும் வேறு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் மீன் பார்த்துப் பெண் கேட்கவில்லை. கேட்கப் போனால் அந்த அம்மா சொன்னது ஞாபகம் வந்து கூசியது. சுவர் எழுப்பிய தம்பியின் மகளை அழைத்துப்போக வாத்தியார் மகன் தானாகவே வந்தான், மீன்களைப் பற்றி இரண்டு வீட்டிலும் பேச்செடுக்கவில்லை. மீன் மேடம் கண்ணாடி ஜாடியில் பேனா போட்டு வைத்துக்கொண்டார். வெண்கலமும் வாட்ச்காரரும் தெருவின் நடுவில், மேடத்தின் முன்னறைக்கு அடுத்த வீட்டில் குடியேறினார்கள், சுத்தியலுக்கும் மௌனத்துக்கும் சமதூரம். அந்தப் பாத்திரம் கூடத்து மூலையில் ஒரு முக்காலியின் மேல் இருக்கிறது. அதில் பிறந்த குஞ்சுகளின் காதுக்கல் அம்மாவைப் போலவும் இல்லை, அப்பாவைப் போலவும் இல்லை. மேடம் அதற்கு ஒரு தனி டப்பா வைத்திருக்கிறார், இது என்ன வகை என்று கேட்டால் இன்னும் தெரியாது என்கிறார்.

வெண்கலத்துக்கு முழுசாகவே காது போய்ப் பல வருஷமாகிறது. மாமியார் தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார், அவர் கொண்டுவருகிற துணி மேல் மருமகள் கரண்டியை வைக்கிறாள், சில நாள் மறந்து தரையில் போடுகிறாள், ஒன்றும் ஆகிவிடவில்லை. கடைக்குக் கிளம்புமுன் வாட்ச்காரர் பாத்திரத்தின் இந்தப் பக்கம் வாயை வைத்து, வரும்போது சோப்பு வாங்கணுமா என்று அவருடைய சட்டைப்பைக் குரலில் கேட்பார். அந்தப் பக்கம் உள்ளங்கையை வைத்திருப்பவள், "ரெண்டு வாங்குங்க! போன தடவை வாங்கினது நுரையே வரல!" என்று தெருவின் இரண்டு கோடிக்கும் கேட்கும்படி பதில் சொல்வாள். உள்ளே மீன்கள் அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தங்கள் பேச்சைத் தொடரும்.